தேதியில் ஐயம்

அந்த வார்டு அட்டையில் ‘முப்பத்தொரு வாரம்’ என்று எழுதிய டாக்டரம்மாவின் கையெழுத்து முத்துமுத்தாகத்தான் இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. பொய் என்று சொன்னால் டாக்டரம்மாவுக்குக் கோபம் வரும், ‘தவறு என்று சொல்லுங்கள்’ என்பார். ஒரு பெண் மூன்று தடவை எதிரில் நின்று ‘அப்படி இல்லை’ என்று சொன்ன பிறகும் எழுதினால், அதற்குத் தவறு என்று நான் பெயர் வைக்கமாட்டேன்.

நான் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு துறையின் டைப்பிஸ்ட். இருபத்திரண்டு வருடமாக அதே நாற்காலி, அதே ஃபார்மலின் நாற்றம். எங்கள் வீட்டின் கீழ்ப் பகுதியில் குடியிருப்பவன் அதே துறையில் உதவியாளன். ஆள் ஒல்லி, வேலையும் எலும்போடு, ஆகவே கல்லூரி முழுக்க அவனுக்கு ‘எலும்பு’ என்றே பெயர். அவனும் கோபித்துக்கொள்ளமாட்டான். “கறி போட்டாலும் ஒட்டமாட்டேங்குதுக்கா, நான் என்ன பண்ண” என்று சிரிப்பான். யார் என்ன சொன்னாலும் சரி சரி என்று தலையாட்டுகிற சுபாவம். டாக்டர் பட்டம் பெற்றவர் சொன்னால் கேட்கவே வேண்டாம், இரண்டு தடவை ஆட்டுவான்.

அவன் மனைவி பொத்தான் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவு. ஒரு பெட்டிக்கு நூற்று நாற்பத்துநான்கு பொத்தான். உடைந்தது, துளை அடைத்தது எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்துவிட்டு எண்ணிப் போட வேண்டும். பதினொரு வருடமாக அவள் கட்டிய பெட்டி ஒன்றுகூட எண்ணிக்கை குறைந்து திரும்பி வந்ததில்லை. பேசிக்கொண்டே எண்ணுவாள், திட்டிக்கொண்டே எண்ணுவாள். நடுவில் நான் கூப்பிட்டால் ஒரு விரலைக் காட்டி நிறுத்திவிட்டு, முடித்த பிறகுதான் “என்னக்கா?” என்பாள். அந்தப் பெண்ணைப் பார்த்துத்தான் எண்ணத் தெரியவில்லை என்றார்கள்.

எங்கள் துறையில் நடந்த ஆராய்ச்சியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. எங்கள் புரொபசர் நான்கு வருடமாகப் பிறப்பதற்கு முன் குழந்தையின் இடுப்பெலும்பு வாரத்துக்கு எவ்வளவு வளர்கிறது என்று அளந்துகொண்டிருந்தார். கலைந்துபோன கரு, செத்துப் பிறந்த குழந்தை, இவற்றைப் பெற்றவர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் எங்கள் துறைக்கு வரும். எலும்புதான் எக்ஸ்ரே எடுப்பான், ஃபிலிமைக் கழுவுவான், வெளிச்சப் பெட்டியில் மாட்டி வெர்னியர் அளவுகோலால் அளப்பான். இடுப்பில் முதலில் தெரிவது மேல் எலும்பு. மூன்றாம் மாதத்தில் ஓர் அரிசி அளவு, பிறகு நகத்தளவு, பிறக்கும் வேளையில் விரித்த சின்ன விசிறி. கீழே உள்ள இரண்டு எலும்பும் பிற்பாடுதான் வரும். அவன் மில்லிமீட்டரைச் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டு போய் டைப் செய்வேன். ஒரு கட்டத்தில் வாரம், ஒரு கட்டத்தில் நீளம், ஒரு கட்டத்தில் குறிப்பு, கடைசியில் அளந்தவர் கையெழுத்து.

வாரம் எங்களுக்கு எங்கிருந்து வரும்? வார்டு அட்டையிலிருந்து. அட்டையில் உள்ள வாரத்துக்கு எலும்பின் நீளம் பொருந்தாவிட்டால் புரொபசர் குறிப்புக் கட்டத்தில் ‘தேதியில் ஐயம்’ என்று எழுதித் தனிக் கோப்பில் போட்டுவிடுவார். அது ஆராய்ச்சியில் சேராது. அந்த இரண்டு வார்த்தையை நான் எத்தனையோ தடவை டைப் செய்திருக்கிறேன். ஒரு தடவையாவது யாருடைய தேதி, யாருக்கு ஐயம் என்று யோசித்திருப்பேனா? என்னையும் சேர்த்துத்தான் திட்டிக்கொள்கிறேன்.

கல்யாணமாகி ஒன்பதாம் வருடம் அவள் உண்டானாள். அத்தனை வருடம் காத்திருந்தவளுக்கு நாள் மறக்குமா? தொழிற்சாலையில் லீவு கிடைக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனது தாமதம், அது உண்மை. எட்டாம் மாதம் நடக்கும்போதுதான் முதல் தடவை போனாள். டாக்டரம்மா வயிற்றில் டேப்பை வைத்துப் பார்த்துவிட்டு, ஐந்தரை மாதம்தான் என்று எழுதினார். ஸ்கேன் மெஷின் பழுது. சரிபண்ண ஆள் வரவேண்டுமாம். ஆள் கடைசிவரை வரவில்லை.

“எங்கணக்கு சரிதான் டாக்டர், முப்பத்தொரு வாரம்” என்று சொல்லியிருக்கிறாள்.

“வயிறு அப்படிச் சொல்லலியேம்மா. எல்லாரும் இப்படித்தான் ஒண்ணு ரெண்டு மாசத்தைக் கூட்டிச் சொல்றீங்க” என்று பதில்.

ஒரு மாதம் கழித்து இரண்டாம் தடவை. அதே டேப், அதே பதில்.

மூன்றாம் தடவை போனபோது அவளுக்கு முப்பத்தெட்டு வாரம். குழந்தை அசைவது குறைந்திருக்கிறது என்று பயந்து, துணைக்கு எலும்பையும் கூட்டிக்கொண்டு போனாள். அட்டையின்படி முப்பது. “ஏழு மாசத்துல அப்படித்தான் இருக்கும். நல்லா சாப்பிடுங்க, அடுத்த மாசம் வாங்க” என்றார் டாக்டரம்மா. இவள் அசையாமல் உட்கார்ந்திருக்கவே, அவர் எலும்பைப் பார்த்துக் கேட்டிருக்கிறார்.

“நீங்க நம்ம காலேஜ் ஸ்டாஃப்தானே? உங்க மனைவிக்குத் தேதி சரியா ஞாபகம் இருக்கா?”

அந்த மகாராசன் சிரித்துக்கொண்டே சொன்னான்: “ஒண்ணு ரெண்டு மாசம் கூட எண்ணியிருக்கலாம் டாக்டர். சொன்னா கேக்கமாட்டா.”

அன்று சாயங்காலம் கீழே சத்தம் கேட்டு நான் இறங்கிப் போனேன். மேசையில் டீ ஆறி ஆடை கட்டிக் கிடந்தது. வெட்டிய ரொட்டியை யாரும் தொடவில்லை.

“அக்கா, நீங்களே கேளுங்க. எனக்கு எண்ணத் தெரியாதாம். அந்தம்மா சொன்னதுகூடப் போகட்டும். இவரு சிரிச்சாரு அக்கா. அங்க உக்காந்து சிரிச்சாரு.”

“படிச்சவங்க சொல்றாங்க. அவங்க தெனமும் நூறு வயித்தைப் பாக்குறாங்க. நீ எத்தனை பாத்திருக்க?” என்றான் அவன்.

“நான் ஒண்ணுதான் பாத்திருக்கேன். ஆனா உள்ள இருந்து பாக்குறேன்.”

“இப்ப என்ன பண்ணச் சொல்ற? டாக்டரோட சண்டை போடவா? நான் அங்க வேலை பாக்கணும்மா.”

“சண்டை போட வேண்டாம். எம்பக்கம் உக்காந்திருக்கலாம்ல?”

நானாவது அவள் பக்கம் பேசினேனா? இல்லை. “டென்ஷன் ஆகாதம்மா, குழந்தைக்கு ஆகாது” என்று பூசி மெழுகிவிட்டு மாடியேறி வந்துவிட்டேன். நல்ல அக்கா!

அடுத்த வாரம் முழுக்க மழை. வீட்டுச் சுவரெல்லாம் வேர்த்தது, தீப்பெட்டி உரசினால் பற்றவில்லை. வியாழக்கிழமை காலை அவள் பெட்டி எண்ணும்போதே நிறுத்திவிட்டு எழுந்தாளாம். பக்கத்தில் இருந்தவள் சொன்னாள், “பாதியில அவ எழுந்து நான் பாத்ததே இல்ல” என்று. உள்ளே அசைவு அடங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் குழந்தை பிறந்தது. பெண். ஒன்றே முக்கால் கிலோ. அழவில்லை.

நான் குடையை உதறிக்கொண்டு வார்டுக்குள் போனபோது மணி பதினொன்று. ஜன்னலோரக் கட்டிலில் அவள் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கூரை ஒழுகிய இடத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளியை வைத்திருந்தார்கள். சிறிய தொட்டிலில் பச்சைத் துணியில் சுற்றிக் குழந்தை. எலும்பு கட்டிலின் கால்மாட்டில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தான். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. அவள் அழுததாகத் தெரியவில்லை. நர்ஸ் ஒரு தாளை நீட்டிக்கொண்டிருந்தாள்.

“இதுல கையெழுத்துப் போட்டா குழந்தையைக் குடுத்துடுவோம்மா. மதியத்துக்குள்ள எடுத்துக்கணும்.”

“என்ன எழுதியிருக்கு அதுல? படிங்க.”

“எதுக்குங்க படிச்சுக்கிட்டு, வழக்கமா எழுதுறதுதான்.”

“படிங்க.”

நர்ஸ் படித்தாள். முப்பத்தொரு வாரம். குறைப்பிரசவத்தால் ஏற்பட்ட இறப்பு. தாயிடம் சரியான தேதி இல்லை.

“கடைசி வரியை இன்னொரு தடவை படிங்க.”

அதற்குள் டாக்டரம்மா வந்துவிட்டார். நல்ல மனுஷிதான், குரல்கூட இனிமை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். “வருத்தமாத்தான் இருக்கும்மா. ஏழரை மாசக் குழந்தை, நாம யாரும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது. உடம்பைத் தேத்திக்கோங்க, அடுத்தது நல்லபடியா பிறக்கும்.”

அவள் டாக்டரம்மாவைப் பார்க்கவே இல்லை. கணவன் பக்கம் திரும்பினாள்.

“நீங்க என்ன வேலை பாக்குறீங்க?”

அவன் விழித்தான். “என்னம்மா கேக்குற?”

“சொல்லுங்க. நாலு பேருக்குத் தெரியட்டும்.”

“உடற்கூறு துறையில இருக்கேன்.”

“அங்க என்ன செய்றீங்க?”

“எலும்பு அளக்குறேன்.”

“எந்த எலும்பை?”

“இடுப்பெலும்பை. வேண்டாம்மா...”

“யாரோட இடுப்பெலும்பை?”

அவளே சொன்னாள். “பொறக்காத புள்ளைங்களோடது. அளந்து பாத்து எத்தனை வாரம்னு சொல்லுவீங்க. ஊரான் புள்ளைங்களை நாலு வருஷமா அளந்தீங்கல்ல? எம்புள்ளையையும் அளங்க. யாருக்கு எண்ணத் தெரியலன்னு அது சொல்லட்டும். அதுவரைக்கும் நான் கையெழுத்துப் போடமாட்டேன்.”

“என்னால முடியாது. நம்ம குழந்தை அது. எப்படி...”

“வயித்துல உசுரோட இருந்தப்போ சிரிக்க முடிஞ்சுதுல்ல?”

பக்கத்துக் கட்டில்காரி குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள் முந்தானையை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள். “அதெல்லாம் அவசியமே இல்ல” என்று டாக்டரம்மா ஆரம்பித்தார். “குழந்தையைப் பெத்தவ கேக்குறா டாக்டர். அதுக்குத் துறையில ஃபாரம் இருக்கு, நான்தான் அதை டைப் பண்ணேன்” என்றேன் நான்.

எலும்புதான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தான். தள்ளுவண்டி வேண்டாம் என்றுவிட்டான். தாழ்வாரத்தில் சாரல் அடித்தது, துணி நனையாமல் முதுகைச் சாரல் பக்கம் திருப்பிக்கொண்டு நடந்தான்.

எக்ஸ்ரே அறையில் அவன் வழக்கமாகச் செய்கிற வேலைதான். பலகையைத் துடைத்தான். ஃபிலிம் கேசட்டை வைத்தான். துணியை விலக்கிக் குழந்தையைக் கிடத்தினான். கால்களை நேராக்க வேண்டும், இல்லாவிட்டால் இடுப்பு கோணலாக விழும். இரண்டு பாதத்தையும் ஒரு கைக்குள் பிடித்து நேராக்கினான். குழந்தைக்கு முகம் இருந்தது, விரல் நகமெல்லாம் நுனி தாண்டி வளர்ந்திருந்தது. உடம்பில் மட்டும் சதையே இல்லை, தொடைத் தோல் சுருங்கித் தொங்கியது. அவன் அதைத் தடவிவிட்டு வெளியே வந்து பொத்தானை அழுத்தினான்.

ஃபிலிமைக் கழுவித் தொங்கவிட்டால் அந்த ஈரத்தில் சாயங்காலம்வரை காயாது. காத்திருக்க நேரமில்லை. சொட்டச் சொட்ட வெளிச்சப் பெட்டியில் மாட்டினான். நான் பேனாவை எடுத்தேன். வெர்னியரின் இரண்டு முனையையும் அந்த வெள்ளை விசிறியின் ஓரங்களில் வைத்தான். படித்தான். எடுத்துவிட்டு மறுபடி வைத்தான். மூன்றாம் தடவையும் வைத்தான்.

“சொல்லுப்பா.”

“முப்பத்து மூணு.”

“முப்பத்தொரு வாரத்துக்கு எவ்வளவு இருக்கணும்?”

“இருபத்தாறு.” வெர்னியரைக் கீழே வைத்தான். “கீழ் எலும்பு ரெண்டும் நல்லா தெரியுதுக்கா. இது நெறமாசம். அவ சொன்னதுதான். முப்பத்தொம்போது.”

பிறகு, படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “புரொபசர் கிளாஸ்ல சொல்லுவாரு. தொப்புள்கொடி வழியா சாப்பாடு சரியா போகலன்னா, உடம்பு சதையை விட்டுட்டு மூளைக்கும் எலும்புக்கும் அனுப்புமாம். நான் அங்க நின்னு இதைத்தான் கேட்டுக்கிட்டே இருந்திருக்கேன். உள்ள பட்டினி கெடந்திருக்குக்கா. பட்டினியா கெடந்தும் எலும்பை வளத்திருக்கு. போன வாரம் வெளிய எடுத்திருந்தா...”

வயிறு சிறியது, ஆகவே மாதம் குறைவு என்று டேப் சொன்னது. மாதம் சரி, குழந்தைதான் வாடுகிறது என்று யாராவது ஒருத்தர் யோசித்திருந்தால் போதும். அதற்கு அவள் சொன்ன தேதியை நம்பியிருக்க வேண்டும்.

புரொபசர் பன்னிரண்டு மணிக்கு வந்தார். மழைக் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, ஃபிலிமைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். எலும்பின் தோளைத் தட்டிக்கொடுத்தார். பிறகு சொன்னார், “ஏழு மில்லிமீட்டர் அதிகமா இருக்கு. தேதியில் ஐயம்னு போட்டு தனிக் கோப்புல வச்சிடுங்க.”

எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆங்காரம் வந்தது என்று தெரியவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் அந்த அறையில் நான் குரலை உயர்த்தியதில்லை.

“எந்தத் தேதியில சார் ஐயம்?”

“என்னம்மா?”

“பெத்தவ சொன்ன தேதி எலும்போட பொருந்துது. டாக்டர் போட்ட தேதிதான் பொருந்தல. ஐயம் யாரு மேல சார்?”

“எலும்பு வளர்ச்சி ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும்மா. ஒரு ஃபிலிமை வச்சு எதையும் சொல்லிட முடியாது.”

“ஒரு மில்லிமீட்டருக்கு மேல மாறாதுன்னு நீங்க எழுதினதை நான்தானே சார் டைப் அடிச்சேன்? மூணு தடவை திருத்தி அடிச்சேனே.”

அவர் முகம் கறுத்தது. நான் அலமாரியைத் திறந்து அந்தத் தனிக் கோப்பை எடுத்து மேசையில் போட்டேன். நானே டைப் செய்த தாள்கள். பதினேழு. அங்கேயே ஒவ்வொன்றாகப் புரட்டினேன். பதினேழிலும் எலும்பின் வளர்ச்சி அட்டையில் போட்ட வாரத்தைவிட முந்தியிருந்தது. ஒன்றில்கூடப் பிந்தவில்லை.

“பதினேழு பொம்பளைங்க சார். ஒருத்திக்குமா எண்ணத் தெரியாது? ஒருத்தியாவது மறுபக்கம் தப்பு பண்ணியிருக்க வேண்டாமா?”

அவர் அந்தத் தாள்களைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. புரியாத மனிதர் இல்லை. அதனால்தான் அவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொன்னார், “என் ஆராய்ச்சி வளர்ச்சியைப் பத்தினது. வார்டைப் பத்தினது இல்ல. வார்டு நமக்கு ஒத்துழைப்பு குடுக்கலன்னா நாலு வருஷ உழைப்பு போச்சு. நான் இதுல கையெழுத்துப் போட முடியாதும்மா.”

எலும்பு அதுவரை தலையைக் குனிந்து நின்றிருந்தான். வழக்கம்போல ஆட்டிவிடுவான் என்றுதான் நினைத்தேன். அவன் என் கையிலிருந்த தாளை வாங்கி, கடைசிக் கட்டத்தில், அளந்தவர் என்ற இடத்தில், தன் முழுப் பெயரை எழுதினான். அவன் கையெழுத்து கோழி கிளறியது போல் இருக்கும்.

“நீங்க போட வேண்டாம் சார். அளந்தது நான்தான்” என்றான்.

குழந்தையைச் சுற்றித் தூக்கிக்கொண்டு வார்டுக்குத் திரும்பினோம். மழை விட்டிருந்தது, வாளியில் மட்டும் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் அதே இடத்தில் அதே மாதிரி உட்கார்ந்திருந்தாள். சூப் கிண்ணம் மூடியபடியே இருந்தது. எலும்பு குழந்தையை அவள் மடியில் வைத்துவிட்டுத் தாளை நீட்டினான்.

“முப்பத்து மூணு மில்லிமீட்டர். முப்பத்தொம்போது வாரம். நீ சொன்னது சரிதாம்மா. எலும்பு சொல்லிடுச்சு.”

ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னான். அவள் தாளை வாங்கவில்லை. ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக அவனை ஒருமையில் பேசினாள்.

“எலும்பு சொன்னா நம்புவ. நான் வாயால சொன்னேனே, எனக்கு வாயில்லையா? மூணு தடவை சொன்னேன். வீட்டுல முப்பது தடவை சொன்னேன். இவ செத்து, இவளைப் பலகையில போட்டுப் படம் புடிச்சு, அளந்து பாத்த பொறகுதான் நான் பொய் சொல்லலன்னு உனக்குத் தெரியுது. இல்ல?”

டாக்டரம்மா தாளை வாங்கிப் படித்தார். இனிமையான குரல் கொஞ்சம் வறண்டு போயிருந்தது. “சரிம்மா. கடைசி வரியை எடுத்துடறேன். எலும்பு வளர்ச்சியின்படி வாரம் கூடுதலாக இருக்கலாம்னு குறிப்பு எழுதறேன். போதுமா?”

“போதாது” என்றாள். “எலும்புன்னு எழுதாதீங்க. அது பேசல. நான்தான் பேசினேன். இப்படி எழுதுங்க: அம்மா முப்பத்தொரு வாரம்னு சொன்னா, டாக்டர் நான் நம்பல. முப்பத்தஞ்சுன்னு சொன்னா, நம்பல. முப்பத்தெட்டுன்னு சொன்னா, அசைவு குறைஞ்சிருக்குன்னும் சொன்னா, வீட்டுக்கு அனுப்பிட்டேன்.”

“அம்மா சொன்னதை எழுத இந்தப் பதிவேட்டுல கட்டம் கிடையாதும்மா.”

டாக்டரம்மா அதை வம்புக்குச் சொல்லவில்லை. உண்மையிலேயே கிடையாது. எடைக்குக் கட்டம் இருந்தது, நீளத்துக்கு இருந்தது, டேப் அளவுக்கு இருந்தது.

எலும்பு சட்டைப் பையிலிருந்து இரும்பு ஸ்கேலை எடுத்தான். நர்ஸின் மேசையில் விரித்திருந்த பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பினான். “என்ன பண்றீங்க, அது ஆஸ்பத்திரி ரெக்கார்டு!” என்று டாக்டரம்மா கத்தினார். அவன் காதில் வாங்கவில்லை. ஸ்கேலை வைத்து, மேலிருந்து கீழே நேராக ஒரு கோடு கிழித்தான். கட்டத்தின் தலையில் ‘தாய் சொன்னது’ என்று எழுதினான். அதன் கீழே மூன்று தேதியையும் மூன்று வாரத்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினான். கடைசித் தேதிக்குப் பக்கத்தில், ‘கணவனும் நம்பவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். பிறகு பதிவேட்டை இரண்டு கையாலும் தூக்கிக் கட்டிலுக்குக் கொண்டுபோய் அவள் முன்னால் பிடித்தான்.

அவள் ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தாள். எண்களைச் சரிபார்த்தாள். மூன்றும் சரியாக இருந்தன.

“புள்ள உயிரோட இருந்தப்பவே இதை நீ எழுதியிருக்கணும்” என்று சொல்லிவிட்டு, குழந்தையை அணைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.